மீன் ரத்தத்தில் என் ஆறு மில்லி

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியாது, மறந்துபோச்சு என்று யாரும் தப்பிக்கக் கூடாது.

மைக்ராஸ்கோப்பின் தலையில் கேமராவை உட்காரவைத்த குழாய் என் வேலை. மின்சார ரயில் போகும்போதெல்லாம் படம் நடுங்குகிறது என்று டாக்டர் பட்டம் வாங்கிய நாலு பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, நாலு ஸ்கூட்டர் டியூபுக்குப் பாதிக் காற்று அடித்து, அதன் மேல் ஒரு கடப்பா கல்லைப் படுக்கவைத்து நடுக்கத்தை நிறுத்தியது நான். ஜன்னலுக்குக் குடைத்துணியில் கறுப்புத் திரை தைத்தது நான். கரண்ட் ஏறி இறங்கி விளக்கு மங்காமல் இருக்க, எங்கள் வீட்டு டி.வி.யின் ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டியதும் நான்தான். அதற்கு வீட்டில் வாங்கிய பேச்சைத் தனியாக எழுதலாம்.

இவ்வளவுக்கும் படிப்பு எட்டாவதில் பாதி. அந்தப் பாதியிலும் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பாதி நாள் போகவில்லை. உத்தியோகம் அட்டெண்டர். ஆர்டரில் எழுதியிருந்த வேலை கண்ணாடிச் சாமான் கழுவுவது, கதவு திறப்பது, மூடுவது.

இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், எங்கள் காலேஜின் விலங்கியல் துறைக்கு வெள்ளி விழா மலர் போடுகிறார்களாம். ரெண்டு பிள்ளைகள் இரும்புலியூரில் என் வீடு தேடி வந்து, "பாய், உங்க பழைய நினைவுகள் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். துறையின் வரலாறு என்று அச்சுக்குத் தயாராக இருந்த தாளையும் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் படம் பிடித்து செல்லை அளக்கும் ஆராய்ச்சி சுனாமிக்கு முந்தைய வருஷம் துறைக்கு வந்தது என்று நாலு வரி இருந்தது. மைக்ராஸ்கோப் கம்பெனியின் பெயர் இருந்தது. கம்ப்யூட்டரின் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. ஒரு பக்கம் போதாது தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் வேலை கற்றது ஒரு போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம், பதினேழு வருஷம். கழுவுவது, பிரிண்ட் போடுவது, முகத்தில் இருக்கும் புள்ளியை பிரஷ்ஷால் அழிப்பது. கலர் லேப் வந்து இருட்டறைக்கு மூடுவிழா நடக்கிற சமயத்தில் ஒரு மேடம் வந்தார். பேராசிரியர் வேதவல்லி. மைக்ராஸ்கோப்பில் எடுத்த ஃபிலிமை எங்களிடம்தான் பிரிண்டுக்குக் கொடுப்பார். ஒரு தடவை அவர் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. தூசி என்று நினைத்து, அடையாளமே தெரியாமல் அழித்துக் கொடுத்தேன். மேடம் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, யார் இதை அழித்தது என்று கேட்டார். அழித்தது தூசி இல்லையாம், மீன் ரத்தத்தில் இருக்கும் ஒரு கிருமியாம். அதைத் தேடித்தான் ஆறு மாசம் அலைந்தாராம். மேடம், "இவ்வளவு கவனமா தப்பு பண்ற ஆள் எனக்கு வேணும்" என்றார். அடுத்த மாசம் நான் துறையில் அட்டெண்டர்.

மேடத்துக்குக் குரல் உயரவே உயராது. யாரையாவது வறுத்தெடுக்க வேண்டுமானால் முதலில் அவர்களுக்கு டீ சொல்லுவார். டீ வந்துவிட்டால் தீர்ந்தது. குடித்து முடிக்கிறவரை வீட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் அன்பாக விசாரிப்பார். டம்ளரைக் கீழே வைத்ததும், "அப்புறம் சொல்லுங்க" என்பார். அந்த அப்புறத்துக்குப் பிறகு மூன்று நாள் சோறு இறங்காது. ஆராய்ச்சி மாணவன் ஒருவன் தப்பிக்கலாம் என்று ஒரு டீயை முக்கால் மணி நேரம் உறிஞ்சிப் பார்த்தான். ஆறிப்போச்சே என்று சொல்லி மேடம் அவனுக்கு இன்னொரு டீ வரவழைத்தார்.

இனி குழாய்க்கு வருகிறேன். வெளிநாட்டுக் கேமரா வாங்க வழியில்லை. ரிச்சி தெருவில் கடைகளுக்கு மாட்டுகிற கண்காணிப்பு வீடியோ கேமரா ஒன்றை லென்ஸ் இல்லாமல் வாங்கினோம். அதை மைக்ராஸ்கோப்பின் கண் வைக்கிற லென்ஸுக்கு மேலே நேராகத் தூக்கி நிறுத்த வேண்டும். நான் பிளம்பிங் கடையில் ஒரு பி.வி.சி. குழாய் வாங்கி, நாலு விரல் நீளத்துக்கு அறுத்து, உள்ளே கரும்பலகை பெயின்ட் அடித்து மாட்டினேன். கேமராவிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். திரையில் மீனின் ரத்த அணு இட்லி அளவுக்கு வந்து நின்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கா, மீனுக்கா என்று இன்றுவரை தெரியாது.

வேலை செய்யும் முறையை மேடம் தன் கையால் பென்சிலில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். காலையில் விளக்கைப் போட்டு இருபது நிமிஷம் காயவிட வேண்டும். முதல் படம் அளவுகோல். ரெண்டாவது படம் வெறும் கண்ணாடி, விளக்கு எந்த மூலையில் மங்கல் என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ள. அதற்குப் பிறகுதான் ரத்தம். படம் வந்ததும், எது செல், எது பின்னணி என்று மவுஸால் ஒரு கோட்டை நகர்த்திப் பிரிக்க வேண்டும். செல்லெல்லாம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் மாறும். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட செல்லைத் தள்ளிவிட வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் ரெண்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். பிறகு பொத்தானைத் தட்டினால் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நம்பர், பரப்பு, நீளம், அகலம் என்று பத்தி பத்தியாகக் கொட்டும். கண் வலிக்க ஒரு நாள் முழுக்க எண்ணினதை அது ஒரு தும்மல் நேரத்தில் எண்ணியது. வெள்ளை கறுப்பு பிரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பதினேழு வருஷம் வேறென்ன செய்தேன்?

அந்த முதல் படத்தில்தான் வினையே. அளவுகோல் என்பது ஒரு கண்ணாடிச் சில்லு. அதில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கும். அதைப் படம் பிடித்து, இத்தனை புள்ளி சேர்ந்தால் இத்தனை நீளம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதற்கு எறும்பும் ஒன்று, யானையும் ஒன்று. ஒரு தடவை ஒரு மாணவன் லென்ஸை இறக்கி அந்தச் சில்லை நசுக்கிவிட்டான். புதுசு வர அஞ்சு மாசம் ஆனது. வந்ததும் அதை என் பொறுப்பில் விட்டார்கள்.

என்னிடம் ஒரு பொருளைப் பொறுப்பாகக் கொடுத்தால் அவ்வளவுதான். என் மனைவியின் மோதிரம் வந்த சிவப்பு வெல்வெட் டப்பாவில் அதை வைத்து, டப்பாவை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சில்லு வேண்டுமென்றால் கையைக் கழுவித் துடைத்துக் காட்ட வேண்டும். மோதிரம், வளையல் ஆகாது. படம் எடுத்து முடிகிறவரை பக்கத்திலேயே நிற்பேன். பிள்ளைகள் என்னை முதுகுக்குப் பின்னால் கஸ்டம்ஸ் பாய் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

அதன் பலன், பிள்ளைகள் சில்லைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஒரு நாள் எடுத்த அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி, தினமும் அதையே போட்டுக்கொண்டார்கள். மேடம் எழுதிய முறைக்கு நேர் விரோதம். எனக்குத் தெரியும். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். என் கண்ணாடி பத்திரமாக இருக்கிறதே, போதாதா?

இனி அமுதா. படப்பைக்காரப் பெண். அப்பா விவசாயம் பார்த்தவர், பிறகு நிலத்தை பிளாட் போட்டவர். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஜிலேபி கெண்டை மீனைக் கொஞ்சம் நல்ல கிணற்றுத் தண்ணீரிலும் கொஞ்சம் சாக்கடை கலந்த ஏரித் தண்ணீரிலும் வளர்த்து, ரத்த அணு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. நாலு வருஷ உழைப்பு. உதவித்தொகை அந்த ஆனி மாசத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வேறு ஊரில் ஒரு ஆராய்ச்சி வேலை காத்திருக்கிறது. இல்லையென்றால், படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

கிணற்று மீனின் படமெல்லாம் எடுத்து முடித்த வாரம், குழாயின் திருகை நான் கொஞ்சம் அழுத்தி முறுக்கினேன். படீரென்று விரிசல். அறையில் யாரும் இல்லை. இந்த ஜாபர் செய்தது உடைந்தது என்று இந்தக் கட்டடத்தில் ஒருத்தன் சொல்லக் கேட்டதில்லை, இனியும் கேட்கக்கூடாது. உடைந்த குழாயைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டில் ஒளித்துவிட்டு, சனிக்கிழமை திருமுடிவாக்கம் போனேன். அங்கே கன்னியப்பன் என்று என் சிநேகிதன், லேத் வைத்திருக்கிறான். அலுமினியத்தில் ஒன்று கடைந்து கொடு என்றேன்.

"நீளம் இன்னா மச்சான்?"

"நாலு விரல்."

அவன் தன் விரலை வைத்துப் பார்த்துக் கடைந்து கொடுத்தான். பளபளவென்று வெள்ளிக் கூஜா மாதிரி இருந்தது. கொண்டுவந்து மாட்டினேன். நீளம் கொஞ்சம் கூடினால் ஃபோகஸ் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் படம் தெளிவாகிவிடும், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. புதுசா கீதே பாய் என்று ஒருவன் கேட்டான். பாலிஷ் போட்டேன் என்றேன்.

அமுதா ஏரித் தண்ணீர் மீனை அந்தப் புதுக் குழாயில் எடுத்தாள். முடிவு வந்ததும் துறையே கூடிவிட்டது. ஏரி மீனின் ரத்த அணு எல்லாமே வீங்கியிருக்கிறது. அத்தனை மீனிலும், விடாமல், ஒரே மாதிரி. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அமுதாவின் அப்பா ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து இறக்கினார். அமுதா எனக்கு ரெண்டு பழம் தனியாகக் கொடுத்து, "அண்ணா, உங்க குழாய் இல்லன்னா இது நடந்தே இருக்காது" என்றாள். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆய்வேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க நல்லதாக ரெண்டு படம் பொறுக்கித் தாங்கண்ணா என்று கேட்டாள். ஸ்டுடியோக்காரன் கண் அல்லவா. பிரிண்டுகளை மேஜையில் பரப்பினேன். எங்கள் மைக்ராஸ்கோப்பின் கண் லென்ஸில் நெல் முனை மாதிரி ஒரு கீறல் உண்டு. எல்லாப் படத்திலும் இடது மூலையில் விழும். படிப்பாளிகள் அதைப் பார்ப்பதில்லை, செல்லைத்தான் பார்ப்பார்கள். என் கண் முதலில் புள்ளிக்கும் கீறலுக்கும்தான் போகும். கிணற்று மீன் படத்தில் கீறல் சின்னதாக இருந்தது. ஏரி மீன் படத்தில் பெரிசாக இருந்தது.

மீன் ரத்தம் வீங்கலாம். கண்ணாடிக் கீறல் எப்படி வீங்கும்?

வீட்டுக்குப் போய் உடைந்த குழாயை எடுத்து வந்து, யாரும் இல்லாத நேரத்தில் புதுசின் பக்கத்தில் நிறுத்தினேன். புதுசு பழசைவிட ஆறு மில்லிமீட்டர் உயரம். ஸ்டுடியோவில் பெரிதாக்கும் மெஷினின் தலையைத் தினம் நூறு தடவை தூக்கினவன் நான். தலை மேலே போனால் படம் பெரிசாகும், பச்சைக் குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. மானிட்டர் ஓரத்துக் காகிதத்தில் இருந்ததோ பழைய குழாயின் அளவு. வெளிநாட்டு அளவுகோலை மோதிர டப்பாவில் பூட்டி வைத்துவிட்டு, குழாயை விரலால் அளந்திருக்கிறேன். அதுவும் அடுத்தவன் விரலால்.

ரெண்டு நாள் சும்மா இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. கீறலைப் பார்க்கிற கண் வேறு யாருக்கும் கிடையாது. வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் நாலு வருஷம் போச்சு. திறக்காவிட்டால், போகிற ஊரில் எவனாவது அவளுடைய மீனை மறுபடி அளந்து, பொய்க்காரி என்று அவளைத்தான் சொல்லுவான், என் குழாயை அல்ல.

மூன்றாம் நாள் மேடத்தின் அறைக்குப் போனேன். டீயை நானே சொல்லிக் கொண்டுபோனேன், ரெண்டு டம்ளர். மேடம் டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் சொல்லுங்க பாய்."

ரெண்டு குழாயையும் மேஜையில் நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், சாப்பாட்டுப் பை, திருமுடிவாக்கம், கீறல்.

"நாலு விரல்," என்றார் மேடம். "யார் விரல்?"

"கன்னியப்பன் விரல், மேடம்."

"அவர் விரல் தடிமனா?"

"லேத் ஓட்டுற கை, மேடம். வாழைப்பழ சைஸ்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியாதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அமுதாவைக் கூப்பிட்டார்.

என் இடுப்புச் சாவியால் நானே அலமாரியைத் திறந்தேன். புதுக் குழாயில் அளவுகோலைப் படம் பிடித்து, கம்ப்யூட்டருக்குச் சரியான அளவைச் சொல்லிக்கொடுத்தோம். ஏரி மீனின் நம்பரெல்லாம் மாறியது. சாயங்காலம் நாலு மணிக்கு வீக்கம் மொத்தமும் வடிந்துவிட்டது. கிணற்று மீனும் ஏரி மீனும் ஒரே சைஸ்.

அமுதா அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டு, "அப்போ ஒண்ணுமே இல்லையா அண்ணா?" என்று கேட்டாள். மேடத்தைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

இந்த இடத்தை மலர்க் குழு நன்றாகப் படிக்க வேண்டும். பிரிண்டுகளைப் பரப்பி வைத்த அன்றே எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. மனுஷ ரத்த அணு வட்டம், மீனுடையது நீளவட்டம். கிணற்று மீனின் செல்லெல்லாம் நீள மூஞ்சி. ஏரி மீனுக்கு வட்ட மூஞ்சி. கீறலைப் பார்த்த பயத்தில் அதை மறந்திருந்தேன்.

"மேடம்," என்றேன், "ஸ்டுடியோல மெஷின் தலையைத் தூக்கினா மூஞ்சி பெரிசாகும். ஆனா எவ்ளோ தூக்கினாலும் நீள மூஞ்சி வட்ட மூஞ்சி ஆகாது. ஏரி மீன் பூரா வட்ட மூஞ்சி கீது. அது என் குழாய் பண்ணினது இல்ல."

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாக, "அமுதா, நீளத்தை அகலத்தால வகுத்துப் பாரும்மா," என்றார்.

அந்தப் பத்திகள் ரெண்டும் முதல் நாளிலிருந்தே கம்ப்யூட்டரில் இருந்தன. எல்லாரும் பரப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருத்தரும் அவற்றைத் தொடவில்லை. வகுத்தாள். குழாய் நீண்டாலும் குறைந்தாலும் மாறாத கணக்கு அது. ஏரி மீனின் செல் வீங்கவில்லை, உருண்டிருந்தது.

மேடம் அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. ரத்தம் தடவிய எல்லாக் கண்ணாடியையும் முதலிலிருந்து படம் எடுக்கச் சொன்னார். எது கிணறு, எது ஏரி என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாதென்று பெயர்ச்சீட்டின் மேல் காகிதம் ஒட்டி நம்பர் போட்டது நான். தினமும் முதல் படம் அளவுகோல். சில்லு அன்றோடு என் அலமாரியை விட்டு மைக்ராஸ்கோப் மேஜைக்குக் குடிபோனது. பூட்டு கிடையாது, வெல்வெட் டப்பா மட்டும் கூடப் போனது. மூன்று வாரம் நான் படம் எடுத்தேன், அமுதா அளந்தாள், சாப்பாட்டு நேரத்தைக்கூட முறைவைத்துப் பிரித்துக்கொண்டோம். காகிதங்களை உரித்த நாளில் வட்ட மூஞ்சி அத்தனையும் ஏரியில்தான் இருந்தது. உதவித்தொகை முடிகிற மாசத்தின் கடைசி வேலை நாளில் அமுதா ஆய்வேட்டைக் கொடுத்தாள். அந்த ஆராய்ச்சி வேலையும் கிடைத்தது.

அதை வைத்து மேடமும் அமுதாவும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நன்றி சொல்லும் பத்தியில் என் பெயரைப் போடுவதற்கு முன் மேடம் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை டீ இல்லை. "பாய், குழாய் செஞ்சது நீங்கன்னு போட்டா, குழாய் தப்பானதும் உங்க பேர்லதான் போகும். மேலே இருக்கிறவங்க படிச்சா உங்களுக்கு மெமோ வரலாம். போடட்டுமா?" என்றார்.

இவ்வளவு நேரம் மார்தட்டினேன், இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வேண்டாம் மேடம் என்றேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், மெமோ தாங்காது. அதனால் அந்தக் கட்டுரையில், அளவில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தோம் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. செய்தது யார், கண்டுபிடித்தது யார் என்று இல்லை. ரெண்டும் ஒரே ஆள் என்று அந்த வரியைப் படிக்கிற எவனுக்கும் தெரியாது. நன்றிப் பத்தியில் மீன் பிடித்துக் கொடுத்தவர் பெயர் இருக்கிறது.

இப்போது எனக்கு பென்ஷன் வருகிறது, மெமோ வராது. அதனால் மலர்க் குழுவைக் கேட்கிறேன். கன்னியப்பன் தன் பெயரும் வரவேண்டும் என்கிறான், அது உங்கள் இஷ்டம். என் பெயர் வந்தே ஆகவேண்டும். வரலாற்றுப் பக்கத்தில் கம்ப்யூட்டரின் பெயருக்குக் கீழே இப்படிப் போடுங்கள்: கேமராக் குழாயைச் செய்தவர் மு. ஜாபர், அட்டெண்டர். அதை ஆறு மில்லி தப்பாகச் செய்தவர் மு. ஜாபர். அந்தத் தப்பைக் கீறலை வைத்துப் பிடித்தவர் மு. ஜாபர். செல் உருண்டிருக்கிறது என்று முதலில் பார்த்தவர் மு. ஜாபர். இடம் பற்றாவிட்டால் எதையாவது வெட்டலாம் என்று நினைப்பீர்கள். வெட்டுவதானால் முதல் வரியை வெட்டுங்கள், ரெண்டாவது வரியைத் தொடாதீர்கள்.